எத்தனை இருந்தது, எத்தனை வந்தது

“லினக்ஸ் கத்துக்க எவ்வளவு நாள் ஆகும் மேடம்?” என்ற கேள்வியோடுதான் ஆராய்ச்சி மாணவர்கள் பெரும்பாலும் என் அறைக்கு வருகிறார்கள். முன்பெல்லாம் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முயல்வேன். இப்போது, “உன் ஃபைல்ல எத்தனை சீக்வென்ஸ் இருக்கு?” என்று திருப்பிக் கேட்கிறேன். அநேகமாகத் தெரிந்திருக்காது. சிலர், “நாலு ஜி.பி. மேடம்” என்பார்கள். மூட்டையின் எடை தெரிகிறது, உள்ளே இருப்பது நெல்லா உமியா என்று தெரியவில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாங்களும் பிளஸ் டூவில் கணக்குக்குப் பயந்து பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள்தான். தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு தடித்த புத்தகங்களைச் சுமந்தாலும் பரவாயில்லை, இன்டக்ரேஷன் மட்டும் வேண்டாம் என்று ஓடி வந்த கூட்டம். அப்படி ஓடி வந்தவர்கள் எம்.எஸ்சி. முடித்து ஆய்வகத்தில் சேர்ந்ததும், உயிரியலே எழுத்துகளின் வரிசையாக மாறிப்போயிருக்கக் கண்டோம். டி.என்.ஏ. என்றால் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்து. புரதம் என்றால் இருபது எழுத்து. பூவின் இதழை எண்ணப் படித்தவர்கள் கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார வேண்டியதாயிற்று.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் வேலை கற்ற இடத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் கணினி அறைக்குள் போக வேண்டும். ஏ.சி. அந்த அறைக்கு மட்டும்தான். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் யூனிக்ஸ் (லினக்ஸுக்கு முன்னோடி) கணினி ஒன்று உள்ளே இருந்தது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 1986–87-இல் நாடு முழுக்க உயிர்த்தகவல் மையங்களைத் தொடங்கியிருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அந்தத் தொடக்க கால மையங்களில் ஒன்று. அப்படிப்பட்ட மையங்கள் வழியாகத்தான் எங்களைப் போன்ற சின்ன ஆய்வகங்களுக்கும் இந்தத் துறையின் வாடை வந்தது. இணையம் பெயருக்கு இருந்தது. ஒரு வரிசைக்கு ஒத்த வரிசைகள் உலகத்தில் வேறு எங்கே இருக்கின்றன என்று பார்க்க, அந்த வரிசையை அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. சர்வருக்கு மின்னஞ்சலில் அனுப்புவோம். பிளாஸ்ட் என்ற மென்பொருள் அங்கே ஓடி, விடை மின்னஞ்சலிலேயே திரும்பி வரும். ஒரு வரிசை, ஒரு கடிதம், ஒரு பதில். நூறு வரிசை இருந்தால் நூறு கடிதம்.

அந்தக் கணினிக்குப் பொறுப்பாளராக இருந்தவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். உயிரியல் அவருக்குத் தெரியாது. அதனாலேயே நல்ல வாத்தியாராக இருந்தார். நாங்கள் ஒவ்வொரு வரிசையாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, ஒரே வேலையை மூணு தடவைக்கு மேல கையால செஞ்சா கம்ப்யூட்டர் எதுக்கு?” என்றார். பிறகு ஒரு வரி அடித்தார். ஃபைலில் இருந்த வரிசைகளின் எண்ணிக்கை திரையில் வந்தது. அடுத்து இன்னொரு வரி. எல்லாப் பெயர்களும் அகர வரிசையில் வந்தன. இடையில் ஒரு செங்குத்துக் கோடு போட்டார். பைப் என்றார். முன்னதின் விடை பின்னதற்குள் போகும், அவ்வளவுதான் என்றார். நான் இன்றுவரை செய்யும் வேலையில் பாதி அந்தச் செங்குத்துக் கோட்டில்தான் நடக்கிறது.

அவர் எண்ணிக் காட்டியது ஃபாஸ்டா ஃபைல். 1985-இல் டேவிட் லிப்மனும் வில்லியம் பியர்சனும் வரிசை தேடும் மென்பொருள் ஒன்றை வெளியிட்டார்கள். 1988-இல் அது ஃபாஸ்டா என்ற பெயரில் விரிவடைந்தது. இன்று அந்த மென்பொருளை ஓட்டுபவர்கள் குறைவு, ஆனால் அது கேட்ட ஃபைல் வடிவம் உலகப் பொதுவாகிவிட்டது. வடிவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ‘>’ குறியோடு தொடங்கும் ஒரு பெயர் வரி, அதன்கீழ் எழுத்துகள். ஆகவே ‘>’ குறியில் தொடங்கும் வரிகளை எண்ணினால் வரிசைகளை எண்ணியதாகிவிடும். கிரெப் என்ற கட்டளை அதைச் செய்யும்.

இங்கேதான் முதல் பள்ளம் இருக்கிறது. யூனிக்ஸில் ‘>’ குறிக்கு வேறு வேலை உண்டு: விடையைத் திரையில் காட்டாதே, இந்த ஃபைலில் எழுது என்று அர்த்தம். மேற்கோள் குறிக்குள் போடாமல் கிரெப், ‘>’, ஃபைல் பெயர் என்று அடித்தால், கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் முதல் காரியமாக அந்த ஃபைலைத் துடைத்துக் காலியாக்கிவிடும். கிரெப் அதன்பிறகுதான், தேட எதுவும் தரவில்லையே என்று முணுமுணுக்கும். என் மாணவி ஒருத்தி பல மாதம் சேர்த்த புரத வரிசைகளை இப்படித்தான் ஒரு நொடியில் இழந்தாள். அழவில்லை. “எர்ரர்னு வந்துச்சு மேடம், அதனால ஒண்ணும் ஆகலைனு நெனச்சேன்” என்றாள். குப்பைத் தொட்டி, அன்டூ எல்லாம் இங்கே கிடையாது. அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் மூல ஃபைல் எதுவாக இருந்தாலும் வந்து சேர்ந்த அன்றே அதன் எழுதும் உரிமையை நீக்கிவிடுவோம். படிக்கலாம், தொட முடியாது. புதிதாக வருபவர்களுக்கு வணக்கத்துக்கு அடுத்தபடியாக இதைச் சொல்லிவிடுகிறேன்.

எண்ணுவது சுலபம், எதை எண்ணுகிறோம் என்பது சுலபமில்லை. இதைப் புரியவைக்க 2020-க்குப் பிறகு நான் பயன்படுத்துவது கொரோனா வைரஸ் வரிசை. ஊரடங்குக் காலத்தில் ஆன்லைன் வகுப்பு எடுத்தபோது தொடங்கியது. மாணவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். லினக்ஸ் வேண்டுமே, என்ன செய்வது என்று விழித்தபோது ஒரு பையன், அக்காவுக்குக் கிடைத்த அரசு மடிக்கணினி வீட்டில் இருப்பதாகச் சொன்னான். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் வந்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்துடைய சென்னை மையத்தில் உருவானது. ஆன் செய்யும்போது எந்த இயங்குதளம் என்று கேட்கும். அந்த வீட்டில் இத்தனை வருடமாக யாரும் அந்த இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்ததே இல்லை.

ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் உள்ள வூகான் மாதிரியின் வரிசை 29,903 எழுத்துகள். செய்தித்தாளிலேயே படித்திருப்பார்கள். அந்த ஃபைலை இறக்கி, பெயர் வரியை நீக்கிவிட்டு, மீதி எழுத்துகளை எண்ணச் சொல்வேன். பெயர் வரியை நீக்கக் கிரெப், எண்ண டபிள்யூ.சி., நடுவில் ஒரு பைப். விடை 30,331 என்று வரும். வகுப்பு அமைதியாகிவிடும். ஒருவர் ஜென்பேங்க் தப்பு என்பார். இன்னொருவர் இது வேறு வேரியன்ட் என்பார். உயிரியல் விளக்கம் தேடி ஓடுவதில் எங்கள் ஆட்கள் சூரர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் வரிகளை எண்ணச் சொல்வேன். 428. கழித்துப் பார்த்தால் 29,903. என்.சி.பி.ஐ. தரும் ஃபைலில் எழுபது எழுத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து இருக்கிறது. எழுபது எழுத்தில் 427 முழு வரி, கடைசி வரியில் 13 எழுத்து, ஆக 428. வரி முறிவுகளை நீக்கும் ஒரு கட்டளையை நடுவில் சேர்த்தால் எண் சரியாக நிற்கும்.

இந்தச் சின்னக் கணக்கில் நான் ஒரு முழு வகுப்பைச் செலவழிக்கிறேன். சக ஆசிரியர்கள் சிரிப்பார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து எங்கள் தொழிலில் செய்திருக்கும் நாசத்துக்கு அளவில்லை. விண்டோஸில் உருவாக்கிய ஃபைலில் வரி முடிவுக்கு இரண்டு எழுத்து, யூனிக்ஸில் ஒன்று. நோட்பேடில் மரபணுப் பெயர்களைத் தட்டி, சர்வருக்கு அனுப்பி, இந்தப் பெயர்களை எல்லாம் பெரிய ஃபைலில் தேடு என்று கட்டளை கொடுத்தால், பெரும்பாலும் ஒன்றுமே கிடைக்காது. அல்லது கடைசிப் பெயர் மட்டும் கிடைக்கும், ஏனென்றால் அதற்குப் பின்னால் மட்டும்தான் யாரும் என்டர் தட்டவில்லை. இதற்கு நேர் எதிரானதும் உண்டு. யூனிக்ஸிலேயே எழுதிய பட்டியலில் ஒரு காலி வரி தவறிக் கிடந்தால், கிரெப் அதை ‘எதுவானாலும் சரி’ என்று எடுத்துக்கொண்டு பெரிய ஃபைலை முழுவதுமாகக் கொட்டிவிடும். ஒன்றுமே வராவிட்டால் மாணவர்கள் ஓடி வருவார்கள். எல்லாம் வந்துவிட்டால் மகிழ்ச்சியாக அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

எனக்கு மறக்காத ஒரு கருத்தரங்கு உண்டு. நெல் எங்கள் பயிர். நெல்லுக்குப் பன்னிரண்டு குரோமோசோம். 2005-இல் முழு வரிசை நேச்சர் இதழில் வெளியானபோது, பன்னாட்டுக் குழுவில் இந்தியாவும் இருந்தது. நம் பங்குக்கு வந்தது பதினோராவது குரோமோசோமின் ஒரு பகுதி. நோய் எதிர்ப்பு மரபணுக்கள் திரளாக இருப்பது அந்தக் குரோமோசோமில்தான். ஒரு மாணவர் குலைநோய் எதிர்ப்போடு தொடர்புடைய மரபணுக் குடும்பத்தைத் தேடி, குரோமோசோம் வாரியாக எண்ணி, அழகான பட்டை வரைபடம் போட்டிருந்தார். முதல் குரோமோசோமின் பட்டை எல்லாவற்றையும் விட உயரம். அதற்குப் பரிணாம விளக்கமும் தயாராக வைத்திருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த, ஓய்வுபெற்ற நோயியல் பேராசிரியர் ஒருவர் கையை உயர்த்தினார். கணினியைத் தொட்டே இராதவர். “தம்பி, அதெல்லாம் பதினொண்ணுலதானே நெறைய இருக்கணும்? ஒண்ணுக்கு எப்படிப் போச்சு?” என்றார்.

ஒன்று என்று தேடினால் பத்து, பதினொன்று, பன்னிரண்டும் அதில் அடங்கும். கட்டளை ‘குரோமோசோம் 1’ என்ற எழுத்துத் தொடரைத்தான் தேடியது. 10, 11, 12 ஆகிய மூன்றும் அந்தத் தொடரில்தான் தொடங்குகின்றன. நான்கு குரோமோசோம்களின் கூட்டுத்தொகை ஒரே பட்டையாக எழுந்து நின்றிருந்தது. முழுச் சொல்லாக மட்டும் பொருத்து என்று ஒரே ஒரு எழுத்தைக் கட்டளையில் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும். பன்னிரண்டு பட்டைகளின் உயரத்தைக் கூட்டி, மொத்த மரபணு எண்ணிக்கையோடு ஒப்பிட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். கூட்டுத்தொகை மொத்தத்தைத் தாண்டியிருக்கும். யாரும் கூட்டவில்லை. கணினி வேலையின் ஓட்டையைக் கண்டுபிடித்தது கணினி தெரியாத ஒருவரின் வயல் அறிவு. இதை நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம், இப்போது வரும் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வந்தால் உயிரியலை மறந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

நெல்லில் வேறொரு தலைவலியும் உண்டு. ஒரே மரபணுவுக்கு இரண்டு அமைப்புகள் இரண்டு பெயர் வைத்திருக்கின்றன: ஜப்பானியக் குழுவின் ராப் எண், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக எண். இரண்டையும் இணைக்கும் பட்டியல் உண்டு, ஆனால் எல்லா மரபணுவுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்று பொருந்தாது. ஒன்றுக்கு இரண்டு வரும், சிலதுக்கு எதிரே ஒன்றுமே இருக்காது. இரண்டு பட்டியலை ஜாயின் கட்டளையால் சேர்க்கும்போது எதிரே ஒன்றும் இல்லாதவை சத்தமில்லாமல் உதிர்ந்துபோகும். எச்சரிக்கைகூட வராது. மாலையில் கல்லாவை மூடும் மளிகைக்கடைக்காரர் எத்தனை இருந்தது, எத்தனை வந்தது, எத்தனை போனது என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். ஒவ்வொரு பைப்புக்கு முன்னும் பின்னும் எங்களுக்கும் அதுதான் வேலை. கற்றுக்கொள்ள வேண்டிய லினக்ஸில் பெரும்பகுதி இவ்வளவுதான் என்பது என் கட்சி.

எக்செல் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. மனித மரபணுக்களில் செப்ட்-2 என்று ஒன்று இருந்தது, மார்ச்-1 என்று ஒன்று இருந்தது. எக்செல் அவற்றைத் தேதியாக்கிவிடும்: செப்டம்பர் 2, மார்ச் 1. நடுவில் ‘ஈ’ எழுத்து வரும் ஜப்பானிய ரைக்கன் நிறுவனத்தின் அடையாள எண்கள் பெரிய அடுக்குக்குறி எண்களாக மாறிப்போகும். 2004-லேயே இதைக் கட்டுரையாக எழுதி எச்சரித்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2016-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்று, எக்செல் மரபணுப் பட்டியலை இணைப்பாகக் கொண்ட ஆய்வுக் கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகக் காட்டியது. கடைசியில் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இறங்கிவந்து அந்தப் பெயர்களை மாற்றிவிட்டது. செப்ட், செப்டின் ஆனது. ஒரு மென்பொருளைத் திருத்த முடியாமல் உயிரியலின் பெயரகராதியைத் திருத்தினார்கள். 2023-இல் மைக்ரோசாஃப்ட் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியைக் கொடுத்தது. ஆனாலும் இன்றும் மருத்துவ ஆய்வகங்களிலிருந்து எங்களுக்கு வரும் பட்டியலில் முதலில் ‘செப்’ என்று தேடிப் பார்க்கிறேன், கிடைக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் உள்ளே பொருள் மாறியிருக்கும் இடம் இது. எண்ணினால் மட்டும் போதாது, நாலு வரியைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும்.

2005 முதல் புதிய தலைமுறை வரிசையாக்கக் கருவிகள் சந்தைக்கு வந்தன. எங்கள் ஊருக்கு அவற்றின் தரவு வந்து சேர இன்னும் சில வருடம் பிடித்தது. கூரியரில் ஹார்ட் டிஸ்க் வரும். கோடிக்கணக்கான துண்டு வரிசைகள். வேர்டில் திறந்து பார்த்துவிட்டு வேலை செய்த கூட்டமெல்லாம் அன்றோடு கருப்புத் திரைக்கு வந்து சேர்ந்தது. வேறு வழி இல்லை. வடிவமும் மாறியது. ஃபாஸ்ட்க்யூ என்பார்கள். ஒரு துண்டுக்கு நாலு வரி: ‘@’ குறியோடு பெயர், எழுத்துகள், ஒரு கூட்டல் குறி, நாலாவது வரியில் ஒவ்வொரு எழுத்தின் தரத்தையும் குறிக்கும் குறியீடுகள். பழைய பழக்கத்தில் ‘@’ குறியில் தொடங்கும் வரிகளை எண்ணினால் விடை கூடுதலாக வரும். ஏனென்றால் தரக் குறியீட்டிலும் ‘@’ உண்டு. இப்போதைய முறையில் அது 31 என்ற தர மதிப்பைக் குறிக்கும். நல்ல மதிப்புதான். ஆக, அந்தத் தரத்தோடு தொடங்கும் துண்டு இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும். மொத்த வரிகளை எண்ணி நாலால் வகுப்பதுதான் நேர்மையான வழி.

அந்தத் தரக் குறியீடும் நிலையாக இருக்கவில்லை. இல்லுமினா நிறுவனம் சில ஆண்டுகள் 64-ஐக் கூட்டி எழுதியது. உலகத்தில் மற்றவர்கள் 33-ஐக் கூட்டி எழுதினார்கள். 2011 வாக்கில் இல்லுமினாவும் 33-க்கு வந்தது. இடைப்பட்ட காலத்துத் தரவை இப்போதைய மென்பொருளில் அப்படியே போட்டால், மோசமான எழுத்தெல்லாம் உயர்ந்த தரமாகத் தெரியும். பழைய தரவைத் திரும்ப ஆராயும் மாணவர்களுக்கு இன்றும் இந்தக் கதை தேவைப்படுகிறது.

சரியாக இந்தத் தரவெல்லாம் வந்து குவிந்த நேரம் பார்த்துத்தான் மின்வெட்டு வந்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. சில நாட்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. யு.பி.எஸ். கொஞ்ச நேரம் தாங்கும். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்காது, டீசல் இருந்தால் ஓட்டத் தெரிந்த வாட்ச்மேன் இருக்க மாட்டார். பல நாள் ஓட வேண்டிய பிளாஸ்ட் தேடலை எப்படி முடிப்பது? ஃபைலை ஆயிரம் வரிசை கொண்ட சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினோம். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும், முடிந்தது என்று ஒரு காலி ஃபைலை உருவாக்கி வைக்கச் சொன்னோம். கரண்ட் திரும்பி வந்ததும் கணினி தானே தொடங்கி, எந்தத் துண்டுக்கு முடிந்த அடையாளம் இல்லையோ அதிலிருந்து தொடரும். பாதியில் நின்ற துண்டின் விடையை வைத்துக்கொள்ளக் கூடாது, அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்ட வேண்டும் என்பதையும் அப்போதுதான் வழக்கமாக்கினோம். பிறகு ஸ்நேக்மேக், நெக்ஸ்ட்ஃப்ளோ என்று இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் மென்பொருள்கள் பரவியபோது எங்களுக்குப் புதிதாகப் படவில்லை. முடிந்ததை விட்டு விடுபட்டதை மட்டும் ஓட்டும் கலையை மின்வாரியம் ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருந்தது.

மென்பொருள்கள் வரும், போகும். தொண்ணூறுகளில் இந்தத் துறையில் பெர்ல் தெரியாதவர் ஆளே இல்லை. இப்போது பெர்ல் என்றால் மாணவர்கள் முத்தா என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் பைத்தான். பிளாஸ்ட்டே 2009-இல் புதிதாக எழுதப்பட்டு, பழைய கட்டளைப் பெயர்கள் போய்ப் புதுப் பெயர்கள் வந்தன. நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த குறிப்பு நோட்டு ஒரே நாளில் காகிதமானது. நிறுவுவது ஒரு காலத்தில் பெரும்பாடு. ஒன்றை நிறுவ இன்னொன்று கேட்கும், அது மூன்றாவதன் பழைய பதிப்பைக் கேட்கும். பயோகோண்டா வந்த பிறகு அந்தத் துன்பம் பெருமளவு குறைந்தது. ஆனால் அண்ணன் அன்று காட்டிய கிரெப்பும், ஆக்கும், சார்ட்டும், யூனிக்கும் 1970-களில் பெல் ஆய்வகத்தில் பிறந்தபடியே இருக்கின்றன. எதைக் கற்பதில் நேரம் செலவிடலாம் என்று கேட்பவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்கிறேன்.

இப்போது கட்டளையை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. சாட்ஜிபிடியிடம் கேட்டால் எழுதித் தந்துவிடுகிறது. நான் தடுப்பதில்லை, நானே கேட்கிறேன். ஆனால் அண்மையில் ஒரு மாணவி, நெல்லின் புரத ஃபைலில் 300 அமினோ அமிலத்துக்கு மேல் நீளமுள்ள புரதங்களைப் பிரித்தெடுக்க ஒரு வரி வாங்கி வந்தாள். ஓடியது, பிழை எதுவும் வரவில்லை, விடை பூஜ்யம். நீளமான புரதம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வரி, ஒரு வரிசை ஒரே வரியில் இருக்கும் என்று எண்ணி எழுதப்பட்டது. அவளுடைய ஃபைலில் அறுபது எழுத்துக்கு ஒரு வரி மடிந்திருந்தது. எந்த வரியும் 300-ஐத் தாண்ட வழியே இல்லை. தலைப்பகுதியில் பத்து வரியைத் திறந்து பார்த்திருந்தால் போதும். 2005-இல் நேச்சரில் வந்த அந்தக் கட்டுரை நெல்லில் 37,544 மரபணு என்றது. அவ்வளவிலும் ஒன்றுகூட 300-ஐத் தாண்டாது என்றால் அந்தச் செடி எப்படி உயிர் வாழும் என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? கட்டளை எழுதித் தர இயந்திரம் இருக்கிறது. சந்தேகப்பட நாம்தான் இருக்கிறோம்.

பயிலரங்குகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நானே நிறையப் பேசியிருப்பதால். ஃபிளெக்ஸ் பேனர், குத்துவிளக்கு, துணைவேந்தர் அல்லது முதல்வர் உரை, பொன்னாடை, டீ, பிஸ்கட். பதினொன்றரைக்கு மேல் விருந்தினர் உரை. மதிய உணவுக்குப் பிறகு செய்முறை. ஐம்பது பேருக்கு இருபது கணினி. எல்லோரும் என் திரையைப் பார்த்து நான் அடிப்பதையே அடிப்பார்கள். நான் புள்ளி வைத்தால் புள்ளி வைப்பார்கள். எல்லோருக்கும் ஒரே விடை வரும். கைதட்டல், சான்றிதழ், குரூப் ஃபோட்டோ. அடுத்த மாதம் அதில் ஒருவர் தன் சொந்த ஃபைலோடு போன் செய்து, முதல் வரியிலேயே நிற்பார். மாதிரித் தரவு சுத்தமாக இருக்கும். அதில் காலி வரி இருக்காது, பெயரில் இடைவெளி இருக்காது, ஒரே பெயர் இரண்டு முறை வராது. நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லாமல் கையை வீசப் பழகுவது அது. என் அனுபவத்தில் உருப்படியாகக் கற்றவர்கள் அத்தனை பேரும் தங்கள் சொந்த, அழுக்கான ஃபைலோடு பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்கள்.

பயிலரங்கை விட மோசம் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு. ரெக்கார்டு நோட்டில் நோக்கம், கொள்கை, செய்முறை, முடிவு என்று தலைப்புப் போட்டு, பிளாஸ்ட் பக்கத்தின் திரைப் படத்தை வெட்டி ஒட்டுகிறார்கள். போன வருட சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதியதால் சில நோட்டுகளில் படத்தின் தேதியும் போன வருடத்தது. கட்டளைகளைத் தாளில் பேனாவால் எழுதச் சொல்லி மதிப்பெண் போடுகிறார்கள். புறத் தேர்வாளராகப் போய் நானும் அதற்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டுக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணை அப்படியே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி ஃபைல் கொடுங்கள். சிலதில் காலி வரி, சிலதில் விண்டோஸ் வரி முறிவு, சிலதில் தேதியாகிப் போன மரபணு, சிலதில் இரட்டைப் பெயர். இணையமும் இருக்கட்டும், சாட்ஜிபிடியும் இருக்கட்டும், தடுக்க வேண்டாம். கேள்வி ஒன்றுதான்: இதில் எத்தனை சரியான வரிசை இருக்கிறது, மீதி ஏன் சரியில்லை? மூன்று மணி நேரம் கொடுங்கள். ஒரு வகுப்புக்குத் தேவையான அத்தனை ஃபைலையும் தயாரிக்க அரை நாள் போதும்; ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள், வந்து செய்து தருகிறேன்.